துடுப்பு தரையில் படக் கூடாது

கெண்ட்ரெல் ஓடமைக் கொன்றது வெயில் அல்ல, வெல்டன் தார்ப். பெயர், வயது, விலாசத்துக்கு முன்பாக இந்த வரியை எழுத வேண்டும் என்று கேட்டேன். வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் துணை ஷெரிஃப் டக் லேசிட்டர், அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றார். வழக்கத்தால்தான் அந்தப் பையன் செத்தான் என்றேன். எழுதினார்.

என் பெயர் லவோனா ப்ரூவிட். வயது இருபத்தேழு. ஜார்ஜியா மாநிலம், பெல்ஃபோர்டு, பழைய டிப்போ சாலையில் நான்காம் எண் ட்ரெய்லர் வீட்டில் குடியிருக்கிறேன். பெல்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகளாக விளையாட்டுப் பிள்ளைகளின் காயங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, தலையில் அடிபட்டவனை வெளியே உட்கார வைப்பது, வெயில் அளவு எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. நல்ல நினைவோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் இதைச் சொல்கிறேன். இதைச் சொல்லாதே என்ற வற்புறுத்தல் நிறைய இருந்தது. அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வெல்டன் தார்ப் எங்கள் பள்ளிக் கால்பந்து அணியின் கோச். பள்ளியின் விளையாட்டு இயக்குநரும் அவரே. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு முட்டைப் பந்துக்காக மோதிக்கொள்ளும் இந்த ஆட்டத்தைத் தவிர எங்கள் மாவட்டமான இந்தக் கவுண்டியில் வேறு எதற்கும் மதிப்பு இல்லாததால், மேற்படி தார்ப்புக்கு மேயரைவிட மரியாதை அதிகம். கெண்ட்ரெல் ஓடமுக்குப் பதினேழு வயது. அணியிலேயே பெரிய உடம்பு. அவன் தாய் ஷெரில் ஓடம் கோழித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கிறார்.

இருகரை மோதல் என்ற நிகழ்ச்சியை ஏற்பாடு செய்யும் வேலை மார்ச் மாதம் தொடங்கியது. சாட்டஹூச்சி ஆற்றின் எங்கள் கரையில் மூன்று பள்ளிகள், பக்கத்து மாநிலமான அலபாமா கரையில் மூன்று பள்ளிகள், ஒரே சனிக்கிழமையில் ஒரே மைதானத்தில் மூன்று ஆட்டங்கள் என்பது திட்டம். இதுவரை அந்த ஆட்டங்கள் வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாய்ந்த பிறகு தனித்தனியாக நடந்து வந்தன. இந்த ஆண்டு அவற்றை ஒன்றாகக் கட்டி, இணையத்தில் நேரடியாகக் காட்டும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். கம்பெனி பகல் வெளிச்சம் வேண்டும் என்றது. கல்லூரி அணிகளுக்கு ஆள் எடுப்பவர்களும் வருவார்கள் என்றார்கள். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை பகலில் இந்த மண்ணில் நாய்கூட வெளியே படுக்காது என்று கமிட்டியில் நான் சொன்னேன். கமிட்டி என்பது ஆறு ஆண்களும் நானும். கம்ப்யூட்டரில் அடிக்கத் தெரிந்தவள் என்பதற்காக என்னை வைத்திருந்தார்கள். அட்டவணை, பேருந்து நிறுத்தும் இடம், எந்த அணிக்கு எந்த உடைமாற்றும் அறை, வாத்தியக் குழு எந்தப் பக்கம் உட்காருவது என்று எல்லாவற்றையும் நான் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அதன் பிறகு ஜூலை இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பார்பிக்யூ கடையின் பின்னறையில் கூட்டம் நடந்தது. சுவரொட்டியின் மாதிரியை மேசையில் வைத்தேன். முக்கிய ஆட்டமான பெல்ஃபோர்டு, அலபாமா கரையின் கேட்டோ அணிகளின் மோதலுக்கு நேரம் பகல் 1 மணி என்று போட்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. எங்கள் நேரத்தை வேக நேரம் என்றும், அவர்கள் நேரத்தை மெது நேரம் என்றும் சொல்வோம். கல்யாணத்துக்கு அழைத்தாலும் பல் டாக்டரிடம் நாள் கேட்டாலும், இங்கே ஆறு வயதுக் குழந்தைகூட, வேகமா மெதுவா என்று கேட்கும்.

நான், "கோச், வேக நேரம்னு ஒரு வார்த்தை சேர்த்துடலாமா?" என்று கேட்டேன்.

தார்ப் கடித்துக்கொண்டிருந்த விலா எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம மைதானம், நம்ம கடிகாரம். எதிர்க்கரைக்காரனுக்கு மணி பாக்கச் சொல்லிக் குடுக்கவா என்னைய வேலைக்கு வெச்சிருக்காங்க?" என்றார்.

கமிட்டியில் இருந்த இன்னொருவர், "அவனுங்களுக்குக் கடிகாரம் மட்டுமா பின்னால ஓடுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

சுவரொட்டி வெறும் 1 மணி என்று அச்சானது.

அதன் பிறகு ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். இனி நான் சொல்லும் மணி எல்லாம் வேக நேரம். வடக்கு மூலையில், வெயிலில் சுருண்டு விழுபவர்களை இறக்கும் குளிர்நீர்த் தொட்டியை வைத்து, நீர் நிரப்பி, ஐஸ் மூட்டைகளைப் பக்கத்தில் அடுக்கினேன். தொட்டி தயாராக இல்லை என்று பின்னால் யாராவது சொன்னால் அது பொய். பத்து மணிக்கு முதல் ஆட்டம் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்தது. இரண்டு பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு பகல் 12.45-க்குக் களத்தின் நடுவில் வெயில் அளவு எடுத்தேன். இதற்கென ஒரு சிறு கருவி உண்டு. சூடு, ஈரப்பதம், நேர் வெயில் மூன்றையும் சேர்த்து ஓர் எண் காட்டும். தொண்ணூற்றிரண்டைத் தாண்டினால் கவசம் போட்ட பிள்ளை எவனும் களத்தில் இருக்கக் கூடாது என்பது நாங்கள் கையெழுத்துப் போட்ட விதி. கருவி 92.6 காட்டியது. செயற்கைப் புல் காலணிக்குள் சுட்டது. நான் தார்ப்பிடம் போய்க் காட்டினேன்.

"அந்தப் பொம்மைய பிளாஸ்டிக் புல்லு மேல புடிச்சா அப்படித்தாம்மா காட்டும்," என்றார்.

"அந்தப் புல்லு மேலதான் கோச் பசங்க நிக்கப் போறாங்க," என்றேன்.

அதன் பிறகு மேற்படி தார்ப் கருவியை என் கையிலிருந்து வாங்கினார். பார்வையாளர் மேடைக்கு அடியில், நன்கொடையாளர்களுக்காக நீர்ப்புகை அடிக்கும் மின்விசிறிகள் வைத்திருந்த கூடாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கொண்டு வந்து கொடுத்தார். 87.9 என்று இருந்தது. "இப்ப எழுது கண்ணு," என்றார். படிவத்தில் எண் 87.9, இடம் நடுக்களம் என்று என் கையால் எழுதி, என் பெயரைப் போட்டேன்.

ஏன் எழுதினாய் என்று அதிகாரி கேட்டதற்கு நான் சொல்வது: எனக்கு முன் இந்த வேலையில் இருந்த பெண் இப்படி எழுத மறுத்தபோது, அவளை அவர் ஒரே வாரத்தில் வேலையை விட்டு அனுப்பியது எனக்குத் தெரியும். இது காரணம்தான். மன்னிப்புக்காகச் சொல்லவில்லை.

அதன் பிறகு 12.52-க்கு எங்கள் அணி துடுப்போடு களத்துக்குள் வந்தது. பாலம் வருவதற்கு முன்பு ஆற்றில் ஓடிய தோணியின் துடுப்பு அது. முந்தைய ஆண்டு ஜெயித்த அணியின் கையில் இருக்கும். பதினோரு அடி நீளம், முப்பத்தெட்டு பவுண்டு எடை. அணியிலேயே பெரியவன் அதை நடுக்கோட்டில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எதிரணி வந்து அதன் தலைவன் கட்டையைத் தொட்ட பிறகுதான் நாணயம் சுண்டுவார்கள். அதுவரை துடுப்பு தரையில் படக் கூடாது, கை மாறக் கூடாது, பிடித்தவன் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது, அணி களத்தை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் கரையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. எழுதிய விதிகளை மீறுகிறவர்கள் இதை மீறி நான் பார்த்ததில்லை. வழக்கமாக ஐந்து, ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கெண்ட்ரெல் என்னைத் தாண்டிப் போகும்போது, "மிஸ் வோனி, இது துடுப்பு இல்ல, டெலிபோன் கம்பம். கம்பிய மட்டும் கழட்டிட்டாங்க," என்றான். பக்கத்தில் வந்த கோல்பி நால்ஸ் என்ற பையன், "ஆள் எடுக்கிறவங்க பாக்குறாங்கடா, சிரிக்காம மூஞ்சிய முரட்டுத்தனமா வெச்சுக்கோ," என்றான். கெண்ட்ரெல் முரட்டுத்தனமாக முகத்தை வைத்துக்கொண்டான். அவனுக்கு அது வராது.

மணி ஒன்று ஆயிற்று. கேட்டோ அணி வரவில்லை. பேருந்தும் இல்லை, வாத்தியக் குழுவும் இல்லை, எதிர்ப்பக்க இருக்கைகளில் ஒரு மனிதர்கூட இல்லை. 1.06-க்கு அவர்களுடைய கோச் ஐவரி ஸ்டாலிங்ஸுக்கு போன் செய்தேன். பின்னால் தட்டுகள் ஓசை கேட்டது.

"கோச், எங்க இருக்கீங்க? எங்க பசங்க களத்துல நிக்கிறாங்க."

"இப்பவேவா? எங்க கடிகாரத்துல பன்னெண்டு அடிச்சு ஆறு நிமிஷம்தான் ஆச்சு. என் பசங்க வாய்ல இன்னும் கோழி இருக்கு," என்று சிரித்தார். "உங்க கரைக்காரங்களுக்குப் பொறக்கும்போதே அவசரம்." அதன் பிறகு சிரிப்பை நிறுத்தி, "துடுப்போடவா நிக்கிறாங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"இந்த வெயில்லயா? மிஸ், பசங்கள நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாங்க வந்ததும் மறுபடி வெளிய வந்து நிக்கட்டும். நான் பாக்கல, என் பசங்க பாக்கல. உள்ள போனாங்கன்னு என் வாயால எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியம்."

அந்த வார்த்தைகளை அப்படியே தார்ப்பிடம் போய்ச் சொன்னேன். அவர் வெள்ளைத் தொப்பியும் குளிர்கண்ணாடியும் போட்டு, களக்கோட்டுக்கு வெளியே குடையின் கீழ் நின்றார்.

"ஸ்டாலிங்ஸ் பெர்மிஷன் குடுத்து நான் உள்ள போகணுமா? அவன் வேணும்னே லேட் பண்றான். நாம உள்ள போறத கேமராவுல காட்டி அடுத்த இருபது வருஷம் சிரிப்பான். நிக்கட்டும். பாத்துடலாம் யாரு கரை பெருசுன்னு."

"கோச், தொண்ணூத்தி ரெண்டு தாண்டிருச்சு."

"நீ எழுதினது எம்பத்தேழு," என்றார்.

அதன் பிறகு 1.15-க்கு இன்னொரு முறை களத்தில் அளவு எடுத்தேன். 93.4. அதை எங்கும் எழுதவில்லை. எழுதினால் முதல் எண் பொய் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் தார்ப் என்னைக் கூப்பிட்டு, கேட்டோ பேருந்து வந்தால் எந்த வாசலில் விடுவது, எந்த அறையைத் திறப்பது என்று காட்ட ஆள் இல்லை, அட்டவணை போட்டவள் நீதானே, போய் வாசலில் நில் என்றார். மருந்துப் பையையும் கருவியையும் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தெற்கு வாசலுக்குப் போனேன். அங்கிருந்து களம் தெரியாது. இரண்டு ஆள் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தியிடம் கொடுத்து ஒரு சம்பளம் கொடுக்கும் பள்ளியில், பிள்ளை எந்த வேலையின் இடைவெளியில் விழுவான் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் இல்லாத நேரத்தில் நடந்ததை கம்பெனியின் ஒளிப்பதிவில் பார்த்தேன். அது இன்றும் இணையத்தில் இருக்கிறது. 1.19-க்கு கெண்ட்ரெலின் இடது முழங்கால் முதல் முறை மடங்குகிறது. இரண்டு கையும் துடுப்பில் இருப்பதால் அவனால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. மற்ற பிள்ளைகள் தலைக்கவசக் கம்பிகளுக்கு நடுவே பாட்டிலைப் பிதுக்குகிறார்கள். பாதி தண்ணீர் வெளியே வழிகிறது. 1.26-க்கு அவன் இடதும் வலதுமாக ஆடுகிறான். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "பாருங்க பாருங்க, பெரிய தம்பி டான்ஸ் ஆடுறாரு! எதிர்க்கரை வர்ற வரைக்கும் நமக்கு இலவச டான்ஸ்!" என்கிறார். வாத்தியக் குழு அவன் ஆட்டத்துக்கு ஏற்றபடி மேளம் அடிக்கிறது. இரண்டாயிரம் பேர் கை தட்டுகிறார்கள். 1.31-க்குக் கோல்பி நால்ஸும் இன்னொரு பையனும் அவனை இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நிமிர்த்திப் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவன் சொந்தக் காலில் நிற்கவில்லை. தார்ப் முப்பது அடி தூரத்தில் நிற்கிறார். கையைக் கட்டியிருக்கிறார். ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

1.41-க்கு நான் பேருந்து வராததால் களத்துக்குத் திரும்பினேன். உள்ளே நுழையும்போது கெண்ட்ரெல் இரண்டு பையன்களின் கைகளுக்கு நடுவே வழுக்கிக் கீழே போனான். கோல்பி அவனை விட்டுவிட்டு இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக்கொண்டான். ஒலிபெருக்கி, "படல! துடுப்பு தரையில படல!" என்று கத்தியது. மொத்த மேடையும் எழுந்து நின்று கை தட்டியது. தரையில் விழுந்தது ஒரு பிள்ளை என்று அந்தக் கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

நாற்பத்தொன்பது நிமிடம். தலைக்கவசத்தோடு.

அதன் பிறகு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அவனைத் தூக்கி, கவசத்தைக் கத்தரித்து எடுத்து, 1.46-க்குத் தொட்டியில் இறக்கினோம். உடல் சூடு நூற்றொன்பது இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. என்னை அடித்தான். வேண்டும் என்று அடிக்கவில்லை, மூளை சூடானவர்கள் அப்படிச் செய்வார்கள். ஐஸ் போதவில்லை. 1.55-க்கு கேட்டோ பேருந்து பாட்டும் கைதட்டலுமாக வந்து நின்றது. ஸ்டாலிங்ஸ் இறங்கிப் பார்த்தார். தொப்பியை எடுத்தார். அதன் பிறகு, "பாட்ட நிறுத்துங்கடா. ஐஸ்பெட்டி எல்லாத்தையும் இறக்கு!" என்று பிள்ளைகளிடம் கத்தினார். அந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பேருந்திலிருந்து தொட்டி வரை வரிசையாக நின்று ஐஸைக் கை மாற்றினார்கள். எந்தக் கரை என்று யாரும் கேட்கவில்லை. கோல்பி தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு, "படலடா கெண்ட்ரெல், நான் புடிச்சிட்டேன்டா, படல," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

2.08-க்குச் சூடு நூற்றிரண்டுக்கு இறங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நானும் கூடப் போனேன். தொட்டியில் இறக்க எடுத்த நேரம் ஐந்து நிமிடம். ஆனால் அதற்கு முன்னால் அவன் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றபடியே வெந்திருந்தான் என்று டாக்டர் சொன்னார்.

அன்று ஸ்டாலிங்ஸ் ஆட மறுத்துவிட்டார். அப்படியானால் வெற்றி எங்களுக்கு என்று தார்ப் நடுவரிடம் எழுதி வாங்கினார். மூன்றாவது ஆட்டத்தை ஐந்து மணிக்கு நடத்தினார்கள். துடுப்பு இப்போது பள்ளி முன்கூடத்தில் தொங்குகிறது. இந்த ஆண்டையும் வெற்றிக் கணக்கில் சேர்த்து அதில் பெயின்ட் அடித்தாயிற்று.

அதன் பிறகு மூன்று நாள் கெண்ட்ரெல் மருத்துவமனையில் இருந்தான். முதலில் கல்லீரல் செயலிழந்தது, பிறகு சிறுநீரகம். செவ்வாய்க்கிழமை காலை 6.20-க்கு இறந்தான். ஷெரில் ஓடம் தொழிற்சாலை பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளும் அதைக் கழற்றவில்லை.

திங்கட்கிழமையே இருகரை மோதல் கமிட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. அன்று வெயில் அளவு 87.9 என்றும், அதற்குப் பொறுப்பான அலுவலர் கையெழுத்திட்டிருக்கிறார் என்றும், மாணவனின் அலமாரியில் ஊக்கபான டின் ஒன்று கிடைத்தது என்றும் அதில் இருக்கிறது. அந்த பானத்தைப் பள்ளிக்கூடத்து இயந்திரத்திலேயே விற்கிறார்கள். அதன் பிறகு ஷெரில் ஓடம் என்னிடம் வந்து கேட்டார்.

"எம்புள்ள என்னத்த சாப்பிட்டான்னு என்கிட்ட கேக்குறாங்கம்மா. என்னத்த சாப்பிட்டான்? ரெண்டு முட்டையும் சோளக்கஞ்சியும் சாப்பிட்டான். நான் வேலைக்குப் போறதுக்கு முன்னால செஞ்சு வெச்சேன். பாத்திரத்தக் கழுவிக் கவுத்துட்டுப் போயிருக்கான். அவன் மேலயே போடுறாங்களே, நீயாவது சொல்ல மாட்டியா?"

என் கையெழுத்தைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். எண்ணை நான்தான் எழுதினேன், பொய் என்று தெரிந்தே எழுதினேன் என்றும் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "அப்போ உண்மையான எண்ணு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அதற்காகத்தான் இன்று வியாழக்கிழமை இங்கே வந்திருக்கிறேன்.

உண்மையான எண் அந்தக் கருவிக்குள் இருக்கிறது. எடுக்கும் ஒவ்வோர் அளவையும் அது நேரத்தோடு தனக்குள் வைத்துக்கொள்ளும். 12.45-க்கு 92.6 என்றும், கொஞ்ச நேரத்திலேயே திடீரென்று 87.9 என்றும், 1.15-க்கு 93.4 என்றும் அதில் இருக்கும். நிழலுக்கு நகர்த்தாமல் எந்தக் கருவியும் அப்படி இறங்கி ஏறாது. கருவி தார்ப்பின் அறையில், மேசைக்குப் பின்னால் இருக்கும் சாம்பல் நிற அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார். நேற்று அவர் என்னைக் கூப்பிட்டு, "கையெழுத்து உன்னுது. மாத்திப் பேசினா முதல்ல மாட்டுறது நீதான், யோசிச்சுக்கோ கண்ணு," என்றார். யோசித்தேன்.

அந்தக் கருவிக்குள் இடம் குறைவு. புது அளவுகள் சேரச் சேரப் பழையவை தானாக அழியும். சாவுக்காக நேற்று ஒரு நாள் பயிற்சியை நிறுத்தினார்கள். இன்று மூன்று மணிக்கு மறுபடி தொடங்குகிறது. பயிற்சிக்கு அந்தக் கருவியையே வெளியே எடுத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவு எடுப்பார்கள். என் கணக்குப்படி இன்றைய பயிற்சி முடியும்போது சனிக்கிழமை அளவுகள் அழிந்திருக்கும். அதற்குப் பிறகு இருக்கப்போவது என் பொய்யும் ஒரு பான டின்னும்தான். கெண்ட்ரெல் ஓடம் தன் சாவுக்குத் தானே காரணம் என்று ஆகிவிடும்.

இந்த இடத்தில் அதிகாரி லேசிட்டர் எழுதுவதை நிறுத்தி, கோச் தார்ப்பைத் தனக்கு இருபது வருடமாகத் தெரியும், அவர் கெட்டவர் இல்லை என்றார். லேசிட்டரின் விரலில் பெல்ஃபோர்டு அணியின் சாம்பியன் மோதிரம் இருக்கிறது. நீங்களும் துடுப்புப் பிடித்தவர்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். எத்தனை நிமிடம் என்று கேட்டேன்.

"ஏழு நிமிஷம் இருக்கும். அக்டோபர் மாசம். சாயங்காலம்," என்றார்.

அதை எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எழுதினார்.

நான் செய்த தவறுக்கு என் மீது வழக்குப் போடலாம். மறுக்க மாட்டேன். படிவத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது, எண் என்னுடையது இல்லை. மேலே எழுதியிருப்பதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. இதில் பொய் இருந்தால் இதுவரை எழுதிய பொய்யோடு அதையும் சேர்த்து என்னைத் தண்டிக்கலாம்.

(ஒப்பம்) லவோனா ப்ரூவிட்
என் முன் பதிவு செய்யப்பட்டது: துணை ஷெரிஃப் ட. லேசிட்டர்
வியாழக்கிழமை, பிற்பகல் 2.10, வேக நேரம்

கையெழுத்துக்குப் பிறகு நான் கேட்டு, என் கையாலேயே எழுதியது: இங்கிருந்து பள்ளிக்குக் காரில் ஒன்பது நிமிடம். பயிற்சி மூன்று மணிக்கு. அந்தக் கருவியை எடுத்து வர இப்போதே போக வேண்டும் என்று அதிகாரியிடம் மூன்று முறை சொன்னேன். போகிறேன் அல்லது போக மாட்டேன், இரண்டில் ஒன்றை இந்தத் தாளிலேயே எழுதித் தர வேண்டும். அதற்காகக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். மணி இப்போது 2.26.

அதிகாரியின் பதில்: